ஜான் பென்னிகுயிக்

ஜான் பென்னிகுயிக் (சனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய படைப்பிரிவுப் பொறியாளர் ஆவார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் குறுக்கே முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, அதன் நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய திட்டத்தை வடிவமைத்து நிறைவேற்றியவர் இவரே. 1895 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட இந்த அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கற்காரையால் (காங்கிரீட்) ஆனது. நூறாண்டுகளைக் கடந்தும் பயன்பாட்டில் இருப்பதால், கற்காரை எவ்வாறு நீடித்து உழைக்கிறது, எதனால் நலிவடைகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இவ்வணையின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாக உள்ளது.

பிறப்பும் கல்வியும்

பென்னிகுயிக் 1841 சனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக், தாய் சாரா. 1849 சனவரி 13 அன்று நடந்த சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணன் அலெக்சாண்டரும் கொல்லப்பட்டனர். அப்போது இவருக்கு எட்டு வயது நிறைவடைய இரண்டு நாட்களே இருந்தன.

இங்கிலாந்தில் செல்டன்காம் கல்லூரியிலும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிசுகோம்பு இராணுவக் கல்லூரியிலும் பயின்றார். 1858 இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் அதிகாரியாக நியமிக்கப்பட்டு, 1860 இல் இந்தியா வந்தார். 1868 ஆம் ஆண்டின் அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கேற்றார். மற்றபடி இவரது பணிக்காலத்தின் பெரும்பகுதி சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் கழிந்தது. 1879 இல் கிரேசு சார்சியானா சாமியர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

மலையும் மழையும்

இவரது பணியைப் புரிந்து கொள்ள அப்பகுதியின் நில அமைப்பை அறிவது அவசியம். பெரியாறு சிவகிரி மலைத்தொடரில் தோன்றுவதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. சிவகிரி என்னும் ஊர் 2019 இல் உருவாக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் உள்ளது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையின் பெரும்பகுதி மலையின் மேற்குச் சரிவிலேயே பொழிந்து விடுகிறது. தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை - ஆரியங்காவு கணவாயில் மலை தாழ்ந்து இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளி வழியே காற்றும் சாரலும் கிழக்கே வருவதால், சூன் முதல் ஆகத்து வரை குற்றாலத்தில் அருவிகள் நிறைந்து கொட்டுகின்றன. கணவாய்க்கு வடக்கே மலை மீண்டும் உயர்ந்து விடுகிறது. அங்கே மேற்குச் சரிவு அடர்ந்த காடாக இருக்க, கிழக்கே உள்ள கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சமவெளியும் மழை மறைவுப் பகுதிகளாக உள்ளன. தென்காசியில் கணவாய் இயற்கையாகச் செய்வதை, வடக்கே ஒரு சுரங்கத்தின் வழியாகச் செயற்கையாகச் செய்வதே பெரியாறு திட்டத்தின் அடிப்படைக் கருத்தாகும். வேறுபாடு ஒன்று உண்டு. கணவாய் வழியே காற்று வருகிறது. சுரங்கம் வழியே நீரைக் கொண்டுவர வேண்டுமானால், ஆற்றை முதலில் சுரங்கத்தின் வாய் மட்டத்துக்கு உயர்த்தியாக வேண்டும். அதற்கே அணை தேவைப்பட்டது.

திட்டத்தின் முன்வரலாறு

மேற்கே வீணாகும் நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பென்னிகுயிக்குக்கு முற்பட்டது. 1789 இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். 1808 இல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல் இது நிறைவேற்றத் தக்கதன்று என்று கருதினார். 1867 இல் மேசர் ரைவ்சு மண் அணை ஒன்றை முன்மொழிந்தார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மதுரைப் பகுதியையும் கடுமையாகத் தாக்கிய பின்னர், இத்திட்டத்தின் தேவை மறுக்க முடியாததாயிற்று.

1882 இல் திட்டத்தை மறு ஆய்வு செய்து புதிய வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. மண் அணைக்கு மாற்றாக, தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கும் கல் மற்றும் கற்காரை அணையை அவர் வரைந்தார்.

அணையும் நீர்த்தேக்கமும் அமையும் இடம் திருவிதாங்கூர் சமத்தானத்துக்கு உரியதாக இருந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் திவான் வி. இராம ஐயங்காரும் பிரித்தானிய அரசின் சார்பில் ஆனிங்டனும் குத்தகை உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். சுமார் 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டது.

கட்டுமானம்

1887 இல் பணி தொடங்கியது. சாலையோ ஊரோ இல்லாத அடர்ந்த காட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,800 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பணியிடம் அமைந்திருந்தது. சென்னைப் பயனியர் படையின் 1 ஆம், 4 ஆம் பட்டாலியன்களைச் சேர்ந்தோரும், சமவெளியிலிருந்து வந்த கூலித் தொழிலாளரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும் இங்கு உழைத்தனர்.

சுண்ணாம்புக்கல் மலையடிவாரத்தில் உள்ள குருவனூத்துப் பகுதியில் கிடைத்தது. அதனை மேலே கொண்டு செல்ல, நீர்விசையால் இயங்கும் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது. தேக்கடியிலிருந்து பணியிடத்துக்கு ஆற்று வழியே படகுகளில் பொருட்கள் கொண்டு செல்லப்பட்டன.

மிகப் பெரிய இடர் ஆற்றை விலக்குவதில்தான் இருந்தது. அடித்தளம் இடவேண்டுமானால் ஆற்றுப் படுகையை உலர்வாக வைத்திருக்க வேண்டும். அதற்காகக் கட்டிய தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பணியின் ஒரு பகுதியைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

காட்டில் மலேரியாக் காய்ச்சலும் பிற நோய்களும் பரவின. கட்டுமானக் காலத்தில் நோயால் 483 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. அவர்களது கல்லறைத் தோட்டம் அணைக்கு அருகில் உள்ளது. இறந்தவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்ட வரலாறு இல்லை. அணையின் வரலாறு பென்னிகுயிக் ஒருவரின் வரலாறு மட்டும் அன்று என்பதை அந்தக் கல்லறைகள் நினைவூட்டுகின்றன.

1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆழமான அடித்தளத்திலிருந்து அணையின் உயரம் 176 அடி, நீளம் சுமார் 1,200 அடி. உச்சியில் 12 அடியாக உள்ள அகலம் அடியில் 138 அடியாக விரிகிறது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் நீளம் 5,704 அடியாகும். சுரங்கத்தின் வழியே வரும் நீர் சுருளியாற்றை அடைந்து, அதன் வழியே வைகையில் சேர்கிறது.

சுண்ணாம்பு - சுர்க்கிக் கற்காரை

அணையின் முன்பக்கமும் பின்பக்கமும் கருங்கல் கட்டுமானமாகவும், உட்பகுதி கற்காரையாகவும் அமைந்துள்ளன. இக்காலச் சிமெண்ட் இதில் பயன்படுத்தப்படவில்லை. போர்ட்லாந்து சிமெண்டுக்கு 1824 இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டிருந்தாலும், இந்தியாவில் அப்போது அது உற்பத்தி செய்யப்படவில்லை. கப்பலில் வரவழைத்து மலைமீது ஏற்றுவது பெரும் செலவை உண்டாக்கும். சுண்ணாம்போ அருகிலேயே கிடைத்தது.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீர் விட்டுத் தாளித்து மணலுடன் கலந்தால் சாந்து ஆகிறது. சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவை மீண்டும் உறிஞ்சியே இறுகும். ஒரு சுவருக்கு இது போதும். நூறு அடிக்கு மேல் தடிமன் உள்ள அணையின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. எனவே நீருக்குள்ளும் இறுகக் கூடிய சாந்து தேவைப்பட்டது.

இத்தேவையை நிறைவு செய்வது சுர்க்கியாகும். சுர்க்கி என்பது நன்கு சுட்ட களிமண் அல்லது செங்கல்லின் தூள். அதில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் நீரின் துணையுடன் சுண்ணாம்போடு வினைபுரிந்து, கற்களைப் பிணைக்கும் கரையாத சேர்மங்களை உண்டாக்குகின்றன. இதற்குக் காற்று தேவையில்லை. ஈரமும் காலமும் தேவை. தமிழகத்துக் கொத்தனார்கள் மொட்டை மாடித் தளங்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் இதே முறையைக் கையாண்டு வந்தனர். உள்நாட்டில் அறியப்பட்டிருந்த இம்முறையைப் பேரணை ஒன்றின் அளவுக்குப் பயன்படுத்தியது இத்திட்டத்தின் சிறப்பாகும்.

இம்முறைக்குக் குறைபாடும் உண்டு. மலையில் பொழியும் மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. இத்தகைய மென்னீர் கற்காரைக்குள் ஊடுருவும்போது, வினைபுரியாமல் எஞ்சியுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெளியே கொண்டு வருகிறது. இதனால் உட்பகுதியில் நுண்துளைகள் பெருகிக் கசிவு கூடுகிறது. முல்லைப் பெரியாறு அணையிலும் இது நிகழ்ந்தது.

பின்னாளைய வலுவூட்டல்

1930களில் அணையில் துளைகள் இட்டுச் சிமெண்ட் கரைசல் செலுத்தப்பட்டது. 1960 இலும் அப்பணி நடந்தது. 1979 இல் அணையின் பாதுகாப்புக் குறித்து ஐயம் எழுந்ததைத் தொடர்ந்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் மத்திய நீர் ஆணையத்தின் பரிந்துரைப்படி மூன்று பணிகள் மேற்கொள்ளப்பட்டன. அணையின் உச்சியில் வலுவூட்டிய கற்காரைத் தொப்பி இடப்பட்டு எடை கூட்டப்பட்டது. உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகுக் கம்பிவடங்கள் இழுத்துப் பிணைக்கப்பட்டன. பின்பக்கத்தில் புதிய கற்காரைத் தாங்கல் கட்டப்பட்டது.

நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்று அனுமதித்தது. அதையடுத்துக் கேரளம் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அத்திருத்தம் செல்லாது என 2014 மே 7 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், 142 அடியை உறுதி செய்தது. அணை பழமையானது, நிலநடுக்க வாய்ப்புள்ள பகுதியில் உள்ளது, கீழே வாழும் மக்களுக்கு ஆபத்து என்பது கேரளத்தின் வாதம். வலுவூட்டலுக்குப் பின் அணை உறுதியாக உள்ளது என்பது தமிழகத்தின் வாதம். அணை தானாக நூறாண்டு நின்றுவிடவில்லை என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. கட்டியோரின் திறமைக்கு இணையாக, பின்வந்தோரின் கண்காணிப்பும் பராமரிப்பும் அதன் ஆயுளுக்குக் காரணமாக உள்ளன.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு தென்காசி மாவட்டத்திலேயே உள்ளது. சிவகிரி, வாசுதேவநல்லூர் பகுதிகளுக்கு மலையிலிருந்து நீர் தந்த செண்பகவல்லி அணைக்கட்டு உடைந்த பின், அதைச் செப்பனிட வேண்டும் என்று அப்பகுதி உழவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்துள்ளனர்.

இன்றைய கற்காரைப் பணிகளுக்குப் பொருத்தம்

பேரணைக்கும் வீட்டு வாசலில் வாகனம் ஏற இடும் கற்காரைத் தளத்துக்கும் அளவில் ஒப்புமை இல்லை. ஆயினும் இரண்டின் ஆயுளையும் தீர்மானிக்கும் காரணிகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலாவது அடித்தளம். பென்னிகுயிக்கின் பணியாளர்கள் ஆற்றை விலக்கி அடிப்பாறையை அடையப் பல பருவங்களைச் செலவிட்டனர். வீட்டுத் தளத்தில் பாறைக்குப் பதில் கெட்டித்த மண்ணும் அதன்மேல் சரளையும் அமைகின்றன. மண்ணை நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்காவிட்டால், மேலே எவ்வளவு நல்ல கலவை இட்டாலும் தளம் அமிழ்ந்து வெடிக்கும்.

இரண்டாவது கலவையில் உள்ள நீர். எளிதாகப் பரப்புவதற்காகக் கூடுதல் நீர் ஊற்றினால், அந்நீர் பின்னர் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். அணையில் மென்னீர் பல ஆண்டுகளில் செய்ததை, மிகுதியான கலவை நீர் முதல் நாளிலேயே செய்து விடுகிறது.

மூன்றாவது, கட்டடத் தொழிலாளர் கியூரிங் என்று சொல்லும் நீராற்றல். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காக்க வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனத்தின் 456 ஆம் எண் விதித்தொகுப்பு கூறுகிறது. தென்காசி, குற்றாலம் பகுதிகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சாரல் பருவத்தில் கணவாய் வழியே பலத்த காற்று வீசுகிறது. அவ்வப்போது தூறல் விழுவதால் தளம் நனைந்திருப்பதாகத் தோன்றினாலும், இடைப்பட்ட நேரத்தில் காற்று மேற்பரப்பின் ஈரத்தை விரைவாக உறிஞ்சி விடுகிறது. இறுகும் முன்னரே மேற்பரப்பு உலர்ந்தால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். எனவே தூறலை நம்பாமல், தளம் இறுகத் தொடங்கும் வரை தாள் விரித்து மூடுவதும், அதன்பின் நனைத்த கோணியால் மூடி வைப்பதும் நன்று. புதிதாக இட்ட தளத்தின் மீது மழை நேரடியாக விழுந்தால் மேற்பரப்பின் சிமெண்ட் கழுவப்படும். அதையும் தாள் தடுக்கிறது.

நான்காவது நீர் வடிதல். தளம் தெருவை நோக்கிச் சரிவாக அமைய வேண்டும். மேலும் கற்காரை உலரும்போது சுருங்குவது இயல்பு. 100 மி.மீ. தடிமன் உள்ள தளத்தில் சுமார் 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒன்றாக, தடிமனில் கால் பங்கு ஆழத்துக்கு இணைப்பு வெட்டுகள் இட்டால், வெடிப்பு அந்த வெட்டின் அடியிலேயே அடங்கி விடும்.

சுர்க்கியின் தத்துவமும் வழக்கொழிந்து போகவில்லை. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் போசோலானா சிமெண்டில், அனல்மின் நிலையங்களிலிருந்து பெறப்படும் உலர் சாம்பல் அதே பணியைச் செய்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த புதிய வகைச் சிமெண்டுகளும் உருவாக்கப்பட்டுள்ளன.

பிற்கால வாழ்க்கை

1895 இல் பென்னிகுயிக்குக்கு இந்திய விண்மீன் விருது வழங்கப்பட்டது. 1896 இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தின் கூப்பர்சு இல் அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899 வரை இருந்தார். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கல்லூரி அது. பெரியாறு திட்டத்தைப் பற்றி இவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்காக இலண்டன் குடிசார் பொறியாளர் நிறுவனம் டெல்போர்டு பதக்கம் வழங்கியது. 1893 வெள்ளத்தால் பேரழிவுக்கு உள்ளான ஆத்திரேலியாவின் பிரிசுபேன் ஆற்றின் வெள்ளத் தடுப்புக் குறித்து ஆலோசனை வழங்க 1899 இல் குயின்சுலாந்து சென்றார்.

1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். அருகிலுள்ள பிரிம்லி புனித பேதுரு தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

வழக்கிலுள்ள கதைகள்

தடுப்பணைகள் அடித்துச் செல்லப்பட்டபின் அரசு நிதி தர மறுத்ததாகவும், பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்ததாகவும் ஒரு கதை தேனி, மதுரைப் பகுதிகளில் பரவலாக வழங்குகிறது. பெரியாறு திட்டம் சென்னை மாகாண அரசின் பொதுப்பணியாகும். பல பத்து இலட்சம் ரூபாய் செலவான இத்திட்டத்தை ஓர் அதிகாரியின் சொத்தைக் கொண்டு முடித்திருக்க இயலாது. பணியில் உடனிருந்த பொறியாளர் மெக்கன்சி 1899 இல் திட்டத்தின் விரிவான வரலாற்றை நூலாக எழுதியுள்ளார். கட்டுமானச் செய்திகளுக்கு அதுவே நம்பத்தகுந்த மூலமாகக் கருதப்படுகிறது. இக்கதை வரலாற்றுச் செய்தியாக அல்லாமல், நீர் பெற்ற மக்களின் நன்றியுணர்வு கொண்ட வடிவமாகக் கொள்ளத் தக்கது.

2021 இல் மதுரையில் கலைஞர் நினைவு நூலகத்துக்குத் தேர்வான இடத்தில் இருந்த கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று கூறப்பட்டது. அக்கட்டடம் அவரது மறைவுக்குப் பின் கட்டப்பட்டது என்று தமிழக அரசு விளக்கம் அளித்தது.

நினைவேந்தல்

தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் பெரியாற்று நீரால் பயன் பெறுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுயிக்கின் படம் வைக்கப்பட்டுள்ளது. அவரது பிறந்த நாள் தைப் பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் பொங்கல் வைத்து அந்நாளைக் கொண்டாடுகின்றனர். லோயர் கேம்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2022 செப்டம்பரில் கேம்பர்லியில் தமிழக அரசின் சார்பில் அவரது சிலை நிறுவப்பட்டது.